பத்திரத்தில் 40 சென்ட், பட்டாவில் 37: நான்கு எல்லையை நில அளவர் எப்படிப் படிக்கிறார்?

கேள்வி: நெல்லிக்குப்பம் அருகே எங்கள் தகப்பனார் 1968இல் வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லைகளைச் சொல்லி, ‘இதன் மத்தியில் உள்ள புஞ்சை 40 சென்ட்’ என்று எழுதியிருக்கிறது. பட்டாவிலோ 0.15.00 ஹெக்டேர்தான் இருக்கிறது. பாகூர் பக்கம் தாய்வழியில் வந்த நிலத்தின் பழைய பத்திரத்தில் 50 குழி என்று காண்கிறது. சகோதரர்கள் பாகப்பிரிவினை செய்துகொள்ளப்போகிறோம். எந்த அளவை நம்புவது? அளக்க வருகிறவர் இவற்றை எப்படிப் புரிந்துகொள்வார்?

பதில்:

0.15.00 ஹெக்டேர் என்பது 1,500 சதுர மீட்டர், அதாவது 37 சென்டுக்குச் சற்று மேல். ஆகவே உங்கள் இரண்டு ஆவணங்களுக்கும் இடையே ஏறத்தாழ 3 சென்ட் வித்தியாசம். இதைப் பார்த்ததும் மூன்று சென்டை யாரோ அபகரித்துவிட்டார் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. அப்படி யாரும் செய்யவில்லை என்றும் இப்போதே சொல்ல முடியாது. உங்கள் தகப்பனார் வாங்கியது 40 என்ற எண்ணை அல்ல, நான்கு எல்லைகளுக்கு நடுவே கிடந்த ஒரு குறிப்பிட்ட தரையை. அந்தத் தரை எது என்பதை முதலில் நிலைநாட்டிவிட்டு, பிறகுதான் அது எத்தனை சென்ட் என்று அளக்க வேண்டும். பெரும்பாலான எல்லைத் தகராறுகள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதால்தான் முற்றுகின்றன.

பத்திரத்தின் சொத்து விவரத்தில் பொதுவாக நான்கு வகைத் தகவல்கள் இருக்கும்: சர்வே எண், நான்கு எல்லை, பக்க அளவுகள், மொத்த விஸ்தீரணம். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 21ஆம் பிரிவில், சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் இல்லாத ஆவணத்தைப் பதிவுக்கு ஏற்கக் கூடாது என்கிறது. நகரத்து வீடு என்றால் எந்தத் தெருவின் எந்தப் பக்கம் என்பதையும், நிலம் என்றால் விஸ்தீரணம், அதை ஒட்டியுள்ள சாலைகள், பக்கத்துச் சொத்துகள் ஆகியவற்றையும், இயன்றவரை அரசு நில அளவை எண்ணையும் அது கேட்கிறது. இந்த நான்கு தகவல்களும் ஒன்றையொன்று ஆமோதித்தால் சிக்கல் இல்லை. முரண்படும்போது நான்கையும் ஒரே தட்டில் வைத்து எடை போட முடியாது.

முதலில் நான்கு எல்லையைப் படிக்கும் முறை. பழைய பத்திரத்தின் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரம், ஏறக்குறைய இப்படி இருக்கும்; பெயர்களும் எண்ணும் நான் மாதிரிக்காக இட்டவை: ‘சர்வே 112/3 நெம்பர் புஞ்சைக்குச் செக்குபந்தி விபரம்: கோவிந்தன் புஞ்சைக்கும் தெற்கு, வண்டிப்பாதைக்கும் வடக்கு, பொன்னம்மாள் புஞ்சைக்கும் மேற்கு, பாசன வாய்க்காலுக்கும் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள புஞ்சை ஏக்கர் 0.40 சென்ட்.’ இங்கே விற்கப்படும் நிலம் கோவிந்தன் புஞ்சைக்குத் தெற்கே இருக்கிறது என்பதால் கோவிந்தன் இருப்பது உங்களுக்கு வடக்கே. வண்டிப்பாதை உங்களுக்குத் தெற்கே. இப்போதைய பத்திரங்களில் ‘வடக்கில்: கோவிந்தன் நிலம்’ என்று நேராகவே எழுதிவிடுகிறார்கள். பழைய வாசகத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றும்போது ‘க்கும்’ என்பதைக் கவனிக்காமல், ‘வடக்கு: வண்டிப்பாதை’ என்று எழுதிவிட்டால் நிலம் தலைகீழாகப் புரண்டுவிடும். அதன்பின் அதைப் பார்த்து எழுதப்படும் தானப் பத்திரம், அடமானப் பத்திரம் எல்லாவற்றிலும் அதே பிழை தொடரும். தாய்ப் பத்திரத்தை, அதாவது உரிமை தொடங்கிய முந்தைய மூலப் பத்திரத்தை, எடுத்துப் பார்க்காமல் எந்தச் செக்குபந்தியையும் நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி பக்கத்துக்காரரின் பத்திரம். உங்கள் பத்திரம் ‘கோவிந்தன் புஞ்சைக்கும் தெற்கு’ என்றால், கோவிந்தனின் பத்திரத்தில் உங்கள் தகப்பனார் அல்லது அவருக்கு விற்றவரின் பெயரைச் சொல்லி ‘அவர் புஞ்சைக்கும் வடக்கு’ என்று இருந்தாக வேண்டும். எல்லையில் வரும் பெயர்கள் எல்லாம் பத்திரம் எழுதிய நாளின் பெயர்கள். கோவிந்தனின் நிலம் இன்று மூன்று பேரன்களிடம் பிரிந்து கிடக்கலாம், அதில் ஒரு பங்கு விலைக்கும் போயிருக்கலாம். அளக்க வருபவர் 1968இல் கோவிந்தன் அனுபவித்த நிலத்தின் தென் விளிம்பு எது என்று தேட வேண்டுமே தவிர, இன்று அங்கே வேலி போட்டிருப்பவர் யார் என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

எல்லையாகச் சொல்லப்பட்ட பொருளின் தன்மையும் முக்கியம். வாய்க்காலுக்குத் தனிச் சர்வே எண் கொடுத்து அதைப் புறம்போக்கு என்று பதிந்திருந்தால், உங்கள் நிலம் அதன் கரையோடு முடிந்துவிடும்; வாய்க்காலின் பாதி உங்களுடையது என்று கேட்க முடியாது. பட்டா நிலங்களுக்குள்ளேயே ஓடும் தனியார் பொது வாய்க்கால் என்றால், அது யார் கணக்கில் அளக்கப்பட்டிருக்கிறது என்பதைப் புலப்படத்தில், அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அரசு வைத்திருக்கும் அளவுப் படத்தில்தான் பார்க்க வேண்டும். ஊருக்குள் இதே கேள்வி சுவரைப் பற்றி எழும். ‘பொதுச்சுவர்’ என்றும் ‘சுவர் உட்பட’ என்றும் எழுதிய இரண்டு பத்திரங்களுக்கு இடையே ஒரு செங்கல் கனம் வித்தியாசம் வந்துவிடும். கடலூர் பழைய நகரத்தின் குறுகிய மனைகளில் அந்த ஒரு செங்கல்லுக்கு இருக்கும் மதிப்பு பெரிது.

அடுத்தது பக்க அளவுகள். மனைப் பத்திரங்களில் ‘கிழமேல் ஜாதியடி வடபுறம் 40, தென்புறம் 40, தென்வடல் ஜாதியடி கீழ்புறம் 60, மேல்புறம் 60, ஆக 2,400 சதுரடி’ என்று எழுதுவது வழக்கம். படிக்க நிறைவாக இருக்கும் இந்த வாசகத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நான்கு பக்க நீளங்கள் மட்டும் ஒரு நாற்கரத்தை நிலைநிறுத்தாது. அதே 40, 60 அளவுகளைக் கொண்டு மூலை செங்கோணமாக உள்ள மனையையும் வரையலாம், சாய்ந்த மனையையும் வரையலாம். மூலைக் கோணம் 80 பாகையாக இருந்தால் பரப்பு ஏறத்தாழ 2,364 சதுரடி. 70 பாகை என்றால் 2,255தான். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு சராசரிகளையும் பெருக்கும் பழக்கமான கணக்கு செவ்வகத்துக்கு மட்டுமே சரியான விடை தரும்; மற்ற எந்த நாற்கரத்துக்கும் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். சாலை சாய்வாகப் போகும் இடங்களில் மனை வாங்கியவர்கள், பத்திரத்தில் உள்ள சதுரடி தரையில் வரவில்லையே என்று தவிப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். ஈசானி (வடகிழக்கு) மூலையிலிருந்து நிருதி (தென்மேற்கு) மூலைக்கு ஒரு மூலைவிட்ட அளவை மட்டும் சேர்த்து எழுதிவிட்டால் மனையின் வடிவம் அசையாமல் நின்றுவிடும். பத்திரம் எழுதுவோர் இதை ஏன் வழக்கமாக்கிக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் பத்திரமே நிலத்தின் வரைபடம் போல் இருக்கும். ஒரு தொடக்கப் புள்ளியைச் சொல்லி, அங்கிருந்து இத்தனை பாகைத் திசையில் இத்தனை அடி, பிறகு வேறு திசையில் இத்தனை அடி என்று சுற்றிவந்து அதே புள்ளியில் முடிப்பார்கள். நம் பக்கம் அந்த முறை வேரூன்றாததற்குக் காரணம் இருக்கிறது. வடிவத்தைச் சொல்லும் வேலையை இங்கே அரசின் புலப்பட நூல் எடுத்துக்கொண்டது. பத்திரம் சர்வே எண்ணைச் சொல்லி அந்தப் படத்தைக் கைகாட்டிவிட்டு நின்றுவிடுகிறது. ஆகவே புலப்படத்தைப் படிக்கத் தெரியாமல் பத்திரத்தை மட்டும் படிப்பது பாதி வாசிப்புதான்.

எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்லும் புலப்படத்தில், புலத்தின் ஓர் எல்லைக் கல்லிலிருந்து மற்றொரு கல்லுக்கு உள்ளே குறுக்காக ஒரு கோடு போயிருக்கும். அதை ஜி லைன் என்பார்கள். அந்தக் கோட்டின் மீது நடந்தபடி, எல்லை எங்கெல்லாம் வளைகிறதோ அந்த இடத்துக்கு நேராகச் செங்குத்தாக எடுத்த அளவுகள் ஆப்செட். கோட்டின் மேல் எழுதிய எண்கள் தொடக்கக் கல்லிலிருந்து கூட்டிக்கொண்டே வரும் தூரங்கள். பக்கவாட்டில் உள்ள எண்கள் எல்லைக்கான தூரங்கள். உதாரணமாக, 400 லிங்க்ஸ் நீளமுள்ள ஜி லைனில் 150 லிங்க்ஸ் தூரத்தில் இடப்புறம் 60 என்று இருந்தால், முதல் கல்லிலிருந்து 150 லிங்க்ஸ் நடந்து, செங்கோணம் பிடிக்க உதவும் கிராஸ் ஸ்டாஃப் கருவியை வைத்து நேர்க்குத்தாகத் திரும்பி 60 லிங்க்ஸ் அளந்தால் வரப்பின் அந்த முடுக்கு கிடைக்கும். இரண்டு கல்லையும் அந்த முடுக்கையும் இணைக்கும் முக்கோணத்தின் பரப்பு 400ஐ 60ஆல் பெருக்கியதில் பாதி, 12,000 சதுர லிங்க்ஸ். ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட் என்பதால் அது சரியாக 12 சென்ட். 66 அடிச் சங்கிலியை 100 லிங்க்ஸாக வகுத்ததில் கிடைத்த வசதி இது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. பழைய சங்கிலியின் லிங்க் 7.92 அங்குலம், அதாவது 20.12 சென்டிமீட்டர், 20 மீட்டர் மெட்ரிக் சங்கிலியின் லிங்க் 20 சென்டிமீட்டர். 500 லிங்க்ஸ் தூரத்தில் இந்தச் சிறு வேறுபாடு அரை மீட்டருக்கு மேல் போய்விடும். பழைய படத்தின் அளவை மெட்ரிக் லிங்க்ஸ் என்று நினைத்துக்கொண்டு அளந்தால், ஒரு பக்கத்து வேலி முழுவதுமே இடம் மாறி நிற்கும்.

தரையில் வேலை தொடங்குவது கல்லைத் தேடுவதில். நல்ல அளவர் உங்கள் வரப்பிலிருந்து நேராக அளக்கத் தொடங்க மாட்டார். கருவேல முள்ளை ஒதுக்கி, வரப்பு ஓரத்தைக் கடப்பாரையால் குத்திப் பார்த்து, மண்ணுக்குள் புதைந்த சர்வே கல்லின் தலையைக் கண்டுபிடித்தாலும் அதை உடனே ஏற்றுக்கொள்ள மாட்டார். கல் பிடுங்கி நடப்பட்டதாக இருக்கலாம். அந்தக் கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் உள்ள தூரத்தைப் படத்தோடு ஒத்துப் பார்த்து, மூன்றாவது கல்லிலிருந்தும் சரிபார்த்து, மூன்றும் இசைந்தால்தான் அதை ஆதாரப் புள்ளியாகக் கொள்வார். உங்கள் புலத்தில் கற்களே இல்லையென்றால் பக்கத்துப் புலங்களுக்கும், தேவைப்பட்டால் கிராம எல்லைக் கற்கள் வரைக்கும் போக நேரிடும். தென்பெண்ணை, கெடிலம் ஆற்றோர நிலங்களில் வெள்ளம் வந்து போன பிறகு இது அடிக்கடி தேவைப்படுகிறது. இப்போது செயற்கைக்கோள் உதவியோடு இடம் காட்டும் டி.ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது, அது நிற்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும். ஆனால் பழைய எல்லை எந்த இடம் என்பதை அந்தக் கருவி சொல்லாது, அதைப் பழைய அளவுகளிலிருந்துதான் மீட்க வேண்டும். அளவரின் பணி முதலில் அளந்தவர் போட்ட கோட்டை மறுபடி கண்டெடுப்பது. தன் கணக்குக்கு அழகாக வரும் புதுக்கோட்டைப் போடும் அதிகாரம் அவருக்கு இல்லை.

தகவல்கள் முரண்படும்போது எதற்கு முதலிடம்? தரையில் நின்று காட்டக்கூடிய நிலையான எல்லைகளுக்கு முதலிடம். நீள அகலங்கள் அதற்கு அடுத்தபடி. மொத்த விஸ்தீரணம் கடைசி. நீதிமன்றங்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் நெறியும் இதுவே. விற்பவரும் வாங்குபவரும் வரப்பில் நடந்து பார்த்து ஒப்புக்கொண்டது எல்லையை. சென்ட் கணக்கோ பெரும்பாலும் யாரோ எழுதிவைத்ததைப் பார்த்து எழுதியது. சர்வே எண்ணே தவறாக இருந்தாலும் சில வேளைகளில் பத்திரம் தப்பித்துவிடும். உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கில் 1060 என்று இருக்க வேண்டிய மனை எண் 160 என்று விழுந்திருந்தது. மற்ற அடையாளங்களும் எல்லைகளும் சரியாகப் பொருந்தியதால், அது விவரத்தில் நேர்ந்த பிழையே தவிர வேறு சொத்து அல்ல என்று நீதிமன்றம் கொண்டது. அந்தத் தீர்ப்பு 1963ஆம் ஆண்டின் அகில இந்தியத் தீர்ப்புத் திரட்டில் வெளியாகி, இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

ஆனால் இந்த நெறியை மந்திரம் போல் ஓதக் கூடாது. ‘என் பாக்கி நிலத்துக்கும் தெற்கு’ என்று எழுதியிருந்தால் அது எல்லையே ஆகாது. ஏனென்றால் பாக்கி எங்கே தொடங்குகிறது என்பதே கேள்வி. 60 சென்டில் தென்புறம் 20 சென்ட் என்று விற்றிருந்தால், அளவுதான் கோட்டைத் தீர்மானிக்கும். முதலில் வாங்கியவருக்கு முழு 20ஐயும் கொடுத்துவிட்டு, குறைவு இருந்தால் அது விற்றவரிடம் மீந்த நிலத்தில் விழும். சென்டுக்கு இவ்வளவு என்று விலை பேசியது பத்திரத்திலேயே தெரிந்தால், அப்போதும் விஸ்தீரணத்துக்குக் கனம் கூடும்.

உங்கள் பாகூர் நிலத்துக்கு வருகிறேன். குழி என்ற அளவு ஊருக்கு ஊர் மாறும். புதுச்சேரி வழக்கில் குழி என்பது 24 அடிச் சதுரம், 576 சதுரடி. நூறு குழி ஒரு காணி, அது 1.32 ஏக்கர். சிதம்பரம், காட்டுமன்னார்கோவிலுக்குத் தெற்கே டெல்டா வழக்கில் குழி 12 அடிச் சதுரம், 144 சதுரடி. அங்கே நூறு குழி ஒரு மா, 33 சென்ட். ஆகவே பாகூரில் 50 குழி ஏறத்தாழ 66 சென்ட். டெல்டாவில் அதே 50 குழி பதினாறரைச் சென்ட்தான். உங்கள் நிலம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் இருப்பதால் முதல் கணக்கைப் பிடித்து, 26 ஏர் 75 சென்டியாருக்கு அருகில் வருகிறதா என்று பாருங்கள். ஒரு ஏர் என்பது நூறு சதுர மீட்டர், ஒரு சென்டியார் என்பது ஒரு சதுர மீட்டர். புதுச்சேரி ஆவணங்களில் ‘செ.’ என்ற சுருக்கத்தைக் கண்டதும் சென்ட் என்று படித்துவிட வேண்டாம். பிரெஞ்சு ஆட்சிக் காலப் பத்திரமாக இருந்தால் அதில் கதாஸ்தர் எண், அதாவது பிரெஞ்சு நில அளவைப் பதிவின் எண், இருக்கும். இப்போதைய ரீ-சர்வே எண் வேறு. இரண்டையும் இணைத்துக் காட்டும் பதிவைப் பெறாமல், பழைய எண்ணைப் புதிய வரைபடத்தில் தேடினால் யாருடைய நிலத்திலோ போய் நிற்பீர்கள்.

நெல்லிக்குப்பம் நிலத்தில் 3 சென்ட் எங்கே போனது என்பதற்கு நான் மூன்று இடங்களில் தேடுவேன். முதலாவது, 1979இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த யூ.டி.ஆர்., அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த வேலை. அப்போதுதான் ஏக்கர் கணக்கு ஹெக்டேர் கணக்காயிற்று. பல பட்டாக்களில் ஏர்ஸ் அளவு .00 அல்லது .50 என்று முடிவதைக் கவனித்திருப்பீர்கள்; அரை ஏர் என்பதே ஒன்றேகால் சென்ட். முழுமையாக்கியதில் ஒரு பகுதி வித்தியாசம் வந்திருக்கலாம், ஆனால் 3 சென்ட் முழுவதும் அப்படி வராது. இரண்டாவது, வண்டிப்பாதை அல்லது வாய்க்காலை அகலப்படுத்தியபோது உங்கள் புலத்திலிருந்து ஓர் உட்பிரிவு பிரிந்து புறம்போக்காகியிருக்கலாம். கிராம நிலங்களின் விவரம் உள்ள ‘அ’ பதிவேட்டின் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது வெளிப்படும். மூன்றாவது, பக்கத்துப் பட்டாவில் அதே அளவு கூடியிருக்கிறதா என்பது. கூடியிருந்தால், அப்போதுதான் அது தகராறு.

அப்படித் தகராறு என்று தெரிந்தால் காலக்கெடுவைக் கவனியுங்கள். 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி, நில அளவை முடிந்தது என்று 13ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கை வந்துவிட்டால், உரிமையியல் நீதிமன்றம் மாற்றினாலொழிய அதில் பதிந்த எல்லை சரியென்றே கொள்ளப்படும். அதை எதிர்த்து வழக்குப் போட 14ஆம் பிரிவு மூன்று ஆண்டு தருகிறது. இருந்தாலும் பட்டா உரிமை ஆவணம் அல்ல என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பதால், பட்டாவில் 37 என்று இருப்பதால் மட்டும் உங்கள் பத்திர உரிமை அழிந்துவிடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் வழக்கு எங்கே நிற்கும் என்பதை ஆவணங்களைப் பார்த்த வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

பாகப்பிரிவினைக்கு முன் குறுவட்ட அளவர் அளக்கும்படி மனுச் செய்து, பக்கத்துக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் முன்னிலையில் கல் நடச் செய்யுங்கள். பத்திரத்தில் 40ஐப் பிரித்து ஆளுக்கு இத்தனை என்று எழுதாதீர்கள். தரையில் 37 இருந்தால் கடைசிப் பங்காளி 3 சென்டை இழப்பார். ‘முன் பத்திரப்படி 40 சென்ட், பட்டாப்படி 0.15.00 ஹெக்டேர், தற்போது அளந்தபடி இத்தனை சதுர மீட்டர்’ என்று மூன்றையும் எழுதி, ஒவ்வொரு பங்குக்கும் தனியாக நான்கு எல்லையும் நான்கு பக்க அளவும் ஒரு மூலைவிட்டமும் கொடுத்து, ஒரு மூலைக்காவது நிலையான சர்வே கல்லிலிருந்து உள்ள தூரத்தைக் குறிப்பிடுங்கள். எல்லோரும் கையெழுத்திட்ட வரைபடத்தைப் பத்திரத்தோடு இணைத்து, அது ஆவணத்தின் ஒரு பகுதி என்று சொத்து விவரத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பாகூர் நிலம் புதுச்சேரி எல்லைக்குள் இருப்பதால் அங்கே முத்திரைக் கட்டணமும் பதிவு நடைமுறையும் வேறு. ஒரே பத்திரத்தில் இரண்டு சொத்தையும் சேர்ப்பதா, தனித்தனியாக எழுதுவதா என்பதை எழுதுவதற்கு முன்பே இரண்டு சார்பதிவாளர் அலுவலகங்களிலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.